பொதிமேல் பொறித்த விதி

நுழையும்முன்

கடல்வழி வந்த பொதிகளை எண்ணி, அளந்து, முத்திரையிட்டு உள்ளே விடும் வழக்கம் தமிழகத் துறைமுகங்களுக்குப் புதியதன்று. இன்று பொதியோடு அதனைப் பற்றிய தரவும் பயணம் செய்கிறது. பெரும்பாலும் பொதிக்கு முன்பே துறைமுகத்தைச் சென்றடைந்துவிடுகிறது. அத்தரவு முறையானதா என்பதை யார், எங்கே, எப்போது சரிபார்ப்பது? வடசென்னைச் சாலைகளில் நாள்தோறும் காணக்கிடைக்கும் கொள்கலன் ஒன்றைத் துணைகொண்டு இப்பாடம் அவ்வினாவை ஆராய்கிறது.

புலிப்பொறி

கடியலூர் உருத்திரங்கண்ணனார் இயற்றிய பட்டினப்பாலை, காவிரிப்பூம்பட்டினத்தின் சுங்கம் கொள்வோரைப் பற்றிப் பேசுகிறது. ஏற்றுமதிக்கும் இறக்குமதிக்கும் உரிய பண்டங்கள் அங்கே அளவிடப்பட்டன. சோழரின் புலிச்சின்னம் அவற்றின்மீது பொறிக்கப்பட்டது. அதன் பின்னரே அவை காவலைக் கடந்தன. இங்கே கருதத்தக்க செய்தி ஒன்று உண்டு. முத்திரை, எங்கோ ஓர் ஏட்டில் இடப்படவில்லை; பொதியின்மேலேயே இடப்பட்டது. பொதி எங்குச் சென்றாலும் முத்திரையும் உடன் சென்றது. ஏட்டைத் தேடிப் புரட்டாமலே, பொதியைப் பார்த்த எவரும் அது சரிபார்க்கப்பட்டதா என்பதை அறிய முடிந்தது.

கொள்கலனின் கதவு

சென்னைத் துறைமுகத்தில் 1983ஆம் ஆண்டு கொள்கலன் முனையம் இயங்கத் தொடங்கியது. 2001இல் எண்ணூரில் புதிய துறைமுகம் திறக்கப்பட்டது. அது 2014 முதல் காமராசர் துறைமுகம் என வழங்கப்படுகிறது. இவ்விரு துறைமுகங்களையும் சார்ந்து மாதவரம், மணலி, திருவொற்றியூர்ப் பகுதிகளில் கிடங்குகளும் கொள்கலன் சரக்கு நிலையங்களும் பெருகின. மாதவரத்தில் சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம் அமைத்த சரக்குந்து முனையமும் உள்ளது. கண்டெய்னர் என்று மக்கள் வழங்கும் கொள்கலனைச் சுமந்து, டிரெய்லர் வண்டிகள் அவ்வழியே இரவும் பகலும் செல்கின்றன.

அவ்வண்டியின் பின்னே நின்று கதவைப் படித்துப் பார்த்தால், அதுவே ஓர் ஏடு என்பது விளங்கும். கொள்கலனின் எண், வெறுங்கொள்கலனின் எடை, சரக்கோடு சேர்த்து அது தாங்கக்கூடிய மிகுதியான எடை ஆகியன அங்கே எழுதப்பட்டிருக்கும். பல கொள்கலன்களில் அம்மேல்வரம்பு 30,480 கிலோகிராம் எனக் காணப்படும். பாதுகாப்பான கொள்கலன்கள் குறித்து 1972இல் உருவான பன்னாட்டு உடன்படிக்கையின்படி ஒப்புதல் தகடு ஒன்றும் கதவில் பதிக்கப்பட்டிருக்கும். விதி, பொருளின் உடம்பிலேயே ஒட்டியிருக்கிறது. புலிப்பொறியின் வழிவந்த முறை இது எனக் கூறினால் மிகையாகாது.

தன்னைத் தானே சோதிக்கும் எண்

கொள்கலன் எண்ணில் நான்கு எழுத்துகளும் ஏழு இலக்கங்களும் உள்ளன. முதல் மூன்று எழுத்துகள் உரிமையாளரைச் சுட்டும். இவற்றைப் பதிவுசெய்யும் பன்னாட்டுக் கொள்கலன் பணியகம் பாரிசில் உள்ளது. நான்காம் எழுத்து 'யு' எனில் அது சரக்குக் கொள்கலன். அடுத்த ஆறு இலக்கங்கள் வரிசை எண். ஏழாவது இலக்கம் எதனையும் சுட்டுவதில்லை. முன்னுள்ள பத்துக் குறிகளும் பிழையின்றி எழுதப்பட்டனவா எனக் காட்டுவதே அதன் பணி. அது சரிபார்ப்பு இலக்கம் எனப்படும்.

அதனைக் கணக்கிடும் முறை எளியது. ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண்மதிப்பு உண்டு. 'ஏ' எழுத்துக்கு 10. அடுத்துள்ள 'பி'க்கு 12. 11, 22, 33 ஆகிய மதிப்புகள் தவிர்க்கப்படும். முதற்குறியை 1ஆலும் இரண்டாவதை 2ஆலும் மூன்றாவதை 4ஆலும் என இரட்டித்துக்கொண்டே பெருக்கிக் கூட்டி, 11ஆல் வகுக்க வேண்டும். மீதியே சரிபார்ப்பு இலக்கம்.

எடுத்துக்காட்டாக, சி எஸ் கியூ யு 305438 3 என்னும் எண்ணைக் கொள்வோம். நான்கு எழுத்துகளின் மதிப்புகள் முறையே 13, 30, 28, 32. பெருக்கிக் கூட்டினால் அவை 441 தரும். ஆறு இலக்கங்களும் 5,744 தரும். மொத்தம் 6,185. இதனை 11ஆல் வகுத்தால் மீதி 3. கதவில் எழுதிய இறுதி இலக்கமும் 3.

தட்டச்சு செய்பவர் 305438 என்பதை 304538 எனக் கைதவறி மாற்றிவிட்டால், மொத்தம் 6,249 ஆகும், மீதி 1. இறுதி இலக்கமோ 3. பிழை அக்கணமே வெளிப்பட்டுவிடும்.

இம்முறைக்கும் ஓட்டைகள் உண்டு. மீதி 10 வந்தால் அது 0 என எழுதப்படும். ஆகவே மீதி 0 ஆன எண்ணுக்கும் 10 ஆன எண்ணுக்கும் வேறுபாடு தெரியாது. அத்தகைய வரிசை எண்களைத் தவிர்க்குமாறு உரிமையாளர்கள் அறிவுறுத்தப்படுகின்றனர். மேலும், 'ஏ'யின் மதிப்பு 10. 'கே'யின் மதிப்பு 21. இரண்டும் 11ஆல் வகுக்கப்படும்போது ஒரே மீதியைத் தருவதால், ஒன்றினிடத்தில் மற்றொன்று புகுந்தால் சரிபார்ப்பு இலக்கம் அதனைக் காட்டிக்கொடாது.

விதி எங்கே வாழ வேண்டும்?

மாதவரத்தில் உள்ள சரக்குப் போக்குவரத்து அலுவலகம் ஒன்றை எண்ணிப் பார்க்கலாம். எழுத்தர் ஒருவர் உலாவியில் படிவத்தைத் திறந்து, கொள்கலன் எண், மொத்த எடை, ஓட்டுநர் பெயர், எடையிட்ட நேரம் ஆகியவற்றை உள்ளிடுகிறார். அவர் உள்ளிட்டவை நினைவகத்தில் ஒன்றாகத் திரண்டு ஒரு தரவுப்பொருள் ஆகின்றன. அது இணையவழிச் சேவையகத்தை அடைந்து, இறுதியில் தரவுத்தளத்தில் தங்குகிறது.

கொள்கலன் எண்ணில் ஒரு பிழை. அதனைத் துறைமுக வாயிலில்தான் கண்டுபிடிக்க முடியும் என்றால், வண்டி வரிசையிலிருந்து விலக்கப்படும். ஓட்டுநரின் அரைநாள் வீணாகும்; கப்பல் ஒருவேளை தவறும். சேவையகம் கண்டுபிடித்தால் சில நொடிகளில் மறுப்பு வரும். உலாவியே கண்டுபிடித்தால், எழுத்தரின் விரல் அடுத்த புலத்துக்குச் செல்லுமுன் பிழை திருத்தப்படும். படிவங்களைப் பயனரின் கணினியிலேயே சோதிப்பது, 1995இல் தோன்றிய ஜாவாஸ்கிரிப்ட் மொழியின் தொடக்ககாலப் பயன்களுள் ஒன்றாக இருந்தது.

ஆயினும் இங்கே ஒரு சிக்கல் எழுகிறது. மொத்த எடை 30,480ஐ மிஞ்சக்கூடாது என்னும் விதியை உலாவிக்கான நிரலில் ஒருவர் எழுதுகிறார். அதனையே சேவையகத்தின் நிரலில் மற்றொருவர் எழுதுகிறார். தரவுத்தளத்தில் மூன்றாமவர் எழுதுகிறார். நாளை வரம்பு மிகுந்த கொள்கலன்கள் வருகின்றன. இரண்டு இடங்களில் விதி திருத்தப்படுகிறது. மூன்றாவது இடம் மறக்கப்படுகிறது. சேவையகம் ஏற்பதை உலாவி மறுக்கிறது. எழுத்தருக்குக் காரணம் விளங்குவதில்லை. எடையைக் குறைத்து எழுதினால் படிவம் செல்கிறது என்பதை மட்டும் அவர் கண்டுகொள்கிறார். பிழையைத் தடுக்கப் பிறந்த விதி, பொய்யான தரவைப் பிறப்பிக்கிறது. ஒரே விதி பல இடங்களில் எழுதப்படுவதால் விளையும் தீங்குகளில் இதுவே கொடியது.

குறிப்புரை என்னும் தீர்வு

மூலநூலின் சொற்களை மாற்றாமல், அவற்றினருகே விளக்கம் எழுதி வைப்பது உரைமரபு. நிரல்மொழிகளிலும் அத்தகைய மரபு ஒன்று உருவாயிற்று. 2004இல் வெளிவந்த ஜாவா மொழியின் ஐந்தாம் பதிப்பு, நிரலின் எந்த உறுப்பின் தலைமேலும் @ என்னும் குறியோடு ஒரு குறிப்புரை எழுத இடம் தந்தது. குறிப்புரை தானாக எதனையும் செய்வதில்லை. அது ஒரு செய்தி. படித்து நடப்பதற்கு வேறொரு நிரல் வேண்டும். 2009இல் ஜாவா உலகினர், தரவுப்பொருள்களைச் சரிபார்ப்பதற்கான குறிப்புரைகளைப் பொதுத்தரமாக வகுத்தனர். பீன் வாலிடேஷன் என்பது அதன் பெயர்.

தரவுப்பொருளின் அமைப்பை வரையறுப்பது இனக்குழு. அத்தரத்தைப் பின்பற்றி, மேற்கண்ட படிவத்துக்குரிய இனக்குழுவைப் பின்வருமாறு எழுதலாம். குறிப்புரைகளின் ஆங்கிலப் பெயர்கள் இங்கே தமிழ் எழுத்தில் தரப்பட்டுள்ளன.

இனக்குழு கொள்கலன்_பதிவு
@நாட்நல் @பேட்டர்ன்(நான்கு எழுத்து, ஏழு இலக்கம்)
கொள்கலன்_எண்
@மின்(1) @மேக்ஸ்(30480)
மொத்த_எடை
@நாட்பிளாங்க்
ஓட்டுநர்_பெயர்
@நாட்நல் @பாஸ்ட்
எடையிட்ட_நேரம்

கொள்கலன் எண் இல்லாமல் இருத்தல் கூடாது, வடிவம் பிறழக்கூடாது. எடை வரம்புக்குள் நிற்க வேண்டும். பெயர் வெறுமையாதல் கூடாது. எடையிட்ட நேரம் கடந்த காலமாதல் வேண்டும். இங்கே 'எப்படிச் சோதிப்பது' என்பது ஒரு வரியிலும் இல்லை. 'எது சரி' என்பது மட்டுமே உள்ளது. எழுத்ததிகாரத்தின் மொழிமரபில் தொல்காப்பியர், எந்த எழுத்துகள் சொல்லின் முதலில் வரும், எவை இறுதியில் வரும் என வரையறுத்தாரே ஒழிய, ஒவ்வொரு சொல்லையும் எடுத்துச் சோதிக்கும் வழியைக் கூறவில்லை. குறிப்புரையின் இயல்பும் அத்தகையதே.

இவற்றுள் நுட்பமான வேறுபாடுகள் உண்டு; தொடக்கநிலை நிரலர் பெரும்பாலும் இவ்விடத்தில்தான் இடறுவர். மதிப்பே இல்லாத புலத்தை @பேட்டர்ன் குறைகூறாது. வடிவம் பிறழ்வதற்கு முதலில் மதிப்பு ஒன்று இருக்க வேண்டுமன்றோ? எனவே @நாட்நல் தனியே தேவைப்படுகிறது. ஆனால், திரையில் எதுவும் தட்டச்சு செய்யாத பெட்டி பெரும்பாலும் 'மதிப்பில்லை' என வருவதில்லை. 'எழுத்தில்லாத சரம்' என வரும். @நாட்நல் அதனை உள்ளே விட்டுவிடும். ஓட்டுநர் பெயருக்கு @நாட்பிளாங்க் எழுதப்பட்டதன் காரணம் இதுவே. அது இடைவெளிகளால் மட்டும் நிரப்பிய பெயரையும் மறுக்கும்.

வடிவத்தைச் சோதிக்கும் குறிப்புரை, சரிபார்ப்பு இலக்கத்தைச் சோதிக்காது. அதற்கென நிரலர் தாமே புதிய குறிப்புரை ஒன்றைப் படைக்கலாம். 11ஆல் வகுக்கும் கணக்கை ஒருமுறை எழுதி, @கொள்கலன்எண் எனப் பெயரிட்டுவிட்டால், பின்னர் எந்த இனக்குழுவிலும் ஒரே சொல்லால் அதனை அழைக்கலாம். வெறுங்கொள்கலன் எடையும் சரக்கின் எடையும் சேர்ந்து மொத்த எடை ஆக வேண்டும் என்பது போன்ற, பல புலங்களைத் தொடர்புபடுத்தும் விதியை இனக்குழுவின் தலைமேலேயே எழுதலாம்.

உலாவிக்குள் குறிப்புரை

ஜாவாவில் எழுதிய குறிப்புரையைச் சேவையகம் படிக்கும். உலாவியோ ஜாவாஸ்கிரிப்டையே அறியும். இவ்விடைவெளியைக் கடக்க இருவேறு வழிகள் தோன்றின.

2006இல் கூகுள் வெளியிட்ட வெப் டூல்கிட், ஜாவா நிரலை ஜாவாஸ்கிரிப்டாக மாற்றித் தந்தது. அதனால் ஒரே இனக்குழு இரு பக்கமும் வாழ முடிந்தது. ஆனால் ஒரு தடை இருந்தது. சேவையகத்தில் நிரல் இயங்கும்போதே ஒரு பொருளின் குறிப்புரைகளைத் துருவிப் பார்க்க இயலும். மாற்றப்பட்ட நிரலுக்கு அவ்வாற்றல் இல்லை. எனவே மொழிமாற்றம் நிகழும் வேளையிலேயே குறிப்புரைகளைப் படித்து, அவற்றுக்குரிய சோதனை நிரலை முன்கூட்டியே உருவாக்கிவிடும் முறை கையாளப்பட்டது.

மற்றொரு வழி, உலாவியின் மொழிக்கே குறிப்புரை எழுதும் ஆற்றலைத் தருவது. மைக்ரோசாப்ட் 2012இல் அறிமுகப்படுத்திய டைப்ஸ்கிரிப்ட் மொழி, 2015இல் டெக்கரேட்டர் என்னும் உறுப்பைப் பெற்றது. அதுவும் @ குறியோடு புலத்தின் தலைமேல் எழுதப்படுவதே. சேவையகமும் அதே மொழியில் எழுதப்பட்டால், இனக்குழுக் கோப்பை இரு பக்கமும் பகிர்ந்துகொள்ளலாம்.

விதி மீறப்பட்டால் பயனருக்குத் தோன்ற வேண்டிய செய்தியையும் குறிப்புரை சுமக்கும். செய்தியின் சொற்களை மொழிவாரியாகத் தனிக்கோப்புகளில் வைக்கலாம். 'தவறான உள்ளீடு' என்று மட்டும் கூறும் திரை எவருக்கும் உதவாது. 'இறுதி இலக்கம் பொருந்தவில்லை. கதவில் உள்ள எண்ணை மீண்டும் பார்க்கவும்' என்று தமிழில் கூறினால், எழுத்தர் ஓட்டுநரை அழைத்து ஒரு நிமிடத்தில் திருத்திவிடுவார்.

உலாவியில் விதி இருப்பதால் சேவையகத்தில் அது வேண்டா எனக் கருதுதல் கூடாது. உலாவி, பயனரின் ஆளுகைக்குட்பட்டது. கணினி அறிவுடைய ஒருவர் அங்குள்ள சோதனையை நீக்கிவிட்டோ, படிவத்தையே திறவாமலோ தரவை நேரே சேவையகத்துக்கு அனுப்பலாம். எனவே உலாவியின் சோதனை விருந்தினருக்கு வழிகாட்டும் திண்ணை. சேவையகத்தின் சோதனை தாழ்ப்பாள். விதி ஓரிடத்தில் எழுதப்பட்டு, ஈரிடத்தில் படிக்கப்பட வேண்டும்.

மாதவரத்தில் எத்தனை எழுத்து?

விதியை வகுப்பவர் தம் மொழியையே உலகமாகக் கருதினால் என்ன ஆகும் என்பதற்கு ஊர்ப்பெயர்களே சான்று. 'மாதவரம்' என்பதில் ஐந்து எழுத்துகள் உள்ளன என்பது தமிழ் படித்த குழந்தைக்கும் தெரியும். ஜாவாஸ்கிரிப்டைக் கேட்டால் ஏழு என விடை தரும். ஒருங்குறி முறையில் துணைக்காலும் புள்ளியும் தனித்தனிக் குறிகளாக எண்ணப்படுவதே காரணம். ஏழெழுத்துள்ள 'திருவொற்றியூர்' பதினான்கு ஆகும். 'வொ' என்பதன் உயிர்க்குறியை ஒற்றைக்குறியாகவும் எழுதலாம், ஒற்றைக்கொம்பு, கால் என இரு குறிகளாகவும் எழுதலாம், பின்னதாயின் பதினைந்து. கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் இரு சொற்களைக் கணினி வேறு வேறு எனக் கொள்ளும். ஊர்ப்பெயர்ப் புலத்துக்கு @சைஸ்(மேக்ஸ்=12) என எழுதியவர், திருவொற்றியூரை அறியாமலே வெளியேற்றிவிட்டார்.

ஓட்டுநர் பெயரும் அவ்வாறே. குடும்பப்பெயர் கட்டாயம், அது இரண்டெழுத்துக்குக் குறையக்கூடாது என்னும் விதி சில நாடுகளுக்குப் பொருந்தலாம். தந்தை பெயரின் முதலெழுத்தை மட்டும் முன்னொட்டாகக் கொள்ளும் தமிழர் அதற்கு என்ன செய்வார்? ஒரே எழுத்தை இருமுறை இட்டுப் படிவத்தை நிறைவு செய்வார். அன்றுமுதல் அவர் பெயர் ஓர் ஆவணத்தில் ஒருவகையாகவும் மற்றோர் ஆவணத்தில் வேறுவகையாகவும் நிற்கும்.

விதியின் கண்ணுக்கு எட்டாதவை

2007ஆம் ஆண்டு சனவரியில் எம்.எஸ்.சி. நாப்போலி என்னும் கொள்கலன் கப்பல் புயலில் சிக்கிப் பழுதுற்று, இங்கிலாந்தின் தென்கரையில் தரைதட்டச் செய்யப்பட்டது. அதன் மேல்தளத்தில் நனையாமல் இருந்த ஏறத்தாழ 660 கொள்கலன்களை எடையிட்டனர். அவற்றுள் 137இன் உண்மை எடை, ஆவணத்தில் கூறிய எடையிலிருந்து 3 டன்னுக்கும் மேல் வேறுபட்டது. ஒன்றில் வேறுபாடு 20 டன். அவ்வாவணங்களில் இருந்தவை பிறழ்ந்த வடிவமுடைய எண்கள் அல்ல. வரம்புக்குள் நின்ற, முழுமையான, ஆனால் உண்மையல்லாத எண்கள். எந்த @மேக்ஸ் விதியும் அவற்றை மறுத்திராது. 2016 சூலை 1 முதல், எடையிட்டு உறுதிசெய்யப்பட்ட மொத்த எடையை அறிவிக்காத கொள்கலனைக் கப்பலில் ஏற்றக்கூடாது எனப் பன்னாட்டுக் கடல்சார் அமைப்பின் விதி கூறுகிறது.

வடசென்னைக்கும் இத்தகைய பாடம் ஒன்று உண்டு. 2020 ஆகத்து 4 அன்று பெய்ரூட் துறைமுகத்தில் அம்மோனியம் நைட்ரேட் வெடித்து 200க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அதன்பின், மணலியில் உள்ள கொள்கலன் சரக்கு நிலையம் ஒன்றில் அதே வேதிப்பொருள் 37 கொள்கலன்களில் ஏறத்தாழ 700 டன் அளவுக்கு இருப்பது பொதுமக்கள் கவனத்துக்கு வந்தது. 2015இல் சுங்கத்துறை கைப்பற்றிய சரக்கு அது. உரவகை என அறிவிக்கப்பட்டது, ஆயினும் வெடிமருந்துத் தரத்தது, உரிய உரிமம் இல்லாதது என்பது சுங்கத்துறையின் கூற்று. பெய்ரூட் நிகழ்வுக்குப் பின் அது மணலியிலிருந்து ஐதராபாத்துக்கு அனுப்பப்பட்டது.

'உரவகை' என்னும் சொல் ஒரு புலத்துள் வருகிறது எனக் கொள்வோம். அது வெறுமையாக இல்லை; நீளம் மிகவில்லை; ஏற்கத்தக்க சொற்களின் பட்டியலிலும் இருக்கிறது. எல்லாக் குறிப்புரைகளும் அதனை உள்ளே விடும். கொள்கலனைத் திறந்து, மாதிரி எடுத்து, ஆய்வகத்தில் சோதித்த பின்னரே அச்சொல் பொய் எனத் தெரியும்.

கற்பவை கற்றபின்

1. சி எஸ் கியூ யு 305439 என்னும் எண்ணுக்குரிய சரிபார்ப்பு இலக்கத்தைக் கணக்கிடுக.

2. உம் பள்ளியின் சேர்க்கைப் படிவத்தை ஒரு தரவுப்பொருளாகக் கருதி, ஒவ்வொரு புலத்தின் மேலும் எழுதத்தக்க குறிப்புரைகளைத் தமிழில் எழுதுக. மாணவர் எவரையேனும் தவறாக வெளியேற்றக்கூடிய விதி அவற்றுள் உள்ளதா எனக் குழுவாக உரையாடுக.

3. உம் ஊர்ப்பெயரில் உள்ள எழுத்துகளையும் ஒருங்குறிக் குறிகளையும் தனித்தனியே எண்ணி ஒப்பிடுக.